ஒன்பது பேர் விரல் வைத்த பக்கம்

நான் ஆபிரிக்காவுக்கு ஒருநாளும் போனதில்லை. ஆனாலும் இருபத்துநான்கு வருடம் ஆபிரிக்க நாடுகளின் கடன் கடதாசிகளுக்கு நடுவில் இருந்து உழைத்தவன். மோர்னிங்சைட் கோப்பிக் கடையில் காலையில் கூடுகிற சிநேகிதர்கள் புது ஆட்களிடம், "உவர்தான் விசா இல்லாமலே ஆபிரிக்காவில வேலை செய்த மனுசன்" என்று என்னைக் காட்டுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்கள் மூத்தோர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது அப்படியான சிரிப்புக் கதைகளைத்தான் எழுத நினைத்திருந்தேன். எழுத வந்தது வேறாகிவிட்டது. அதற்குக் காரணம் அபிராமி. வோபர்னில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி வளர்ந்த பிள்ளை. இன்று சட்டத்தரணி. நான் வேலை செய்து ஓய்வுபெற்ற அதே சட்ட நிறுவனத்தில், அதே பகுதியில் போன வருடம் சேர்ந்திருக்கிறாள். ஒரு ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அங்கிள், இப்ப எல்லாரும் கொம்பியூட்டரிலதான் சைன் பண்ணீனம். நீங்கள் பேப்பரில எப்பிடிச் செய்தனீங்கள்? எங்கட ஒஃபிஸில பழைய ஆக்கள் உங்கட பேரைத்தான் சொல்லீனம். ஒரு பிழையும் விடாத ஆளாம்."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் என் கோப்பையை மேசையில் வைத்தேன். அவளுக்கு முறைகளை மட்டும் விளங்கப்படுத்தி அனுப்பிவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். அந்த வேலையில் சம்பந்தப்பட்ட ஊர், நாடு, கொம்பனி, வங்கி எதன் பெயரும் வராது. அவை என் சொத்தல்ல. வெட்கம் மட்டும் என்னுடையது.

நான் படித்தது ஓ.எல். வரைதான். அதிலும் ஆங்கிலத்தில் சித்தியில்லை. அகதியாக வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறகு வங்கிகள் நிறைந்த பே ஸ்ட்ரீட்டில் கட்டடம் ஒன்றில் கடித வண்டில் தள்ளி, போட்டோக்கொப்பி அறைக்கு ஏறி, அங்கிருந்து இந்தப் பகுதிக்கு வந்தேன். அதற்குள் ஆறு வருடம் போயிருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

எங்கள் பகுதியின் வேலை இதுதான். ஆபிரிக்க நாடொன்றில் சுரங்கமோ துறைமுகமோ மின்நிலையமோ அமைக்க ஒரு கொம்பனி கடன் கேட்கும். இங்கேயும் இலண்டனிலும் உள்ள வங்கிகள் சேர்ந்து கொடுக்கும். வங்கிகளுக்காக எங்கள் சட்டத்தரணிகள் ஒப்பந்தங்களை எழுதுவார்கள். காசு போவதற்கு முன் இன்னின்ன கடதாசிகள் கையில் இருக்கவேண்டும் என்று ஒரு பட்டியல் இருக்கும். அரசாங்க அனுமதி, காணி உறுதி, காப்புறுதி என்று எண்பது தொண்ணூறு வரும். ஒன்று குறைந்தாலும் காசு நகராது. அந்தப் பட்டியலுக்குக் காவல் நான்.

வெளியாட்களுக்கு வினோதமாகத் தெரியும் வழக்கம் ஒன்று இதில் உண்டு. நாங்கள் முழு ஒப்பந்தத்தையும் கையொப்பத்துக்கு அனுப்புவதில்லை. கையொப்பப் பக்கத்தை மட்டும் தனியே அனுப்புவோம். ஒருவர் இலண்டனில் இருப்பார், ஒருவர் விமானத்தில் இருப்பார், ஒருவர் சுரங்கத்தடியில் இருப்பார். உள்ளே எழுத்துகள் கடைசி நாள்வரை மாறிக்கொண்டேயிருக்கும். கையொப்பமிட்ட பக்கங்கள் திகதி போடாமல் என் அலுமாரியில் காத்திருக்கும். எல்லோரும் சம்மதம் என்று சொன்னதும் முடிந்த எழுத்துக்குப் பின்னால் அந்தப் பக்கத்தைச் சேர்ப்பேன்.

இதில் கள்ளம் இல்லை, ஒரு கட்டுப்பாடு இருக்கும்வரை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இடது மூலையில் பொடி எழுத்தில் ஓர் இலக்கம் இருக்கும். அது எத்தனையாவது வரைவு என்பதைச் சொல்லும். கையொப்பப் பக்கத்தின் இலக்கமும் ஒப்பந்தத்தின் இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறாக இருந்தால், 'மாற்றத்தைப் பார்த்தேன், சம்மதம்' என்று கையொப்பமிட்டவரே எழுதித் தரவேண்டும். வங்கி முதலாளி என்றாலும் விதிவிலக்கில்லை. பெரிய பெரிய ஆட்களிடம் அந்த ஒரு வரிக்காக நான் மூன்று முறை நான்கு முறை தொலைபேசி எடுத்திருக்கிறேன்.

எங்கள் பகுதிக்குத் தலைவர் திரு. ஹாலம். இது அவருடைய உண்மைப் பெயர் அல்ல. உயர்ந்த, மெலிந்த மனிதர். மிகவும் தாழ்ந்த குரலில் பேசுவார். அவர் பேசினால் அறையிலுள்ள எல்லோரும் முன்னுக்குச் சாய்வார்கள். அவருடைய முறை ஒன்று இருந்தது. முக்கியமான ஒப்பந்தத்தை இரண்டு பேர் வாய்விட்டு வாசிக்கவேண்டும். ஒருவர் புது வரைவை வாசிக்க, மற்றவர் பழைய வரைவில் பென்சிலை நகர்த்திக்கொண்டு வருவார். காற்புள்ளி, அரைப்புள்ளியையும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். வாசிப்பதற்கு அவர் என்னைத்தான் கூப்பிடுவார். என் உச்சரிப்பைக் கேட்டு இளம் சட்டத்தரணிகள் வாயைப் பொத்துவார்கள். ஒருநாள் அவர்களுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்: "இவர் ஒவ்வொரு சொல்லாக வாசிக்கிறார். நீங்கள் எல்லாம் மனதில் இருப்பதைத்தான் வாசிக்கிறீர்கள்." அன்று முதல் அந்த மனிதருக்காக என்ன வேலையும் செய்வேன் என்றிருந்தேன். என் மாமனார் காலமானபோது கறுப்புக் கோட்டுடன் வந்து, ஒன்றரை மணித்தியாலம் வரிசையில் நின்று பூப் போட்டுவிட்டுப் போனவர் அவர்.

அவரிடம் ஒரு வார்த்தை இருந்தது. சிக்கலான விடயத்தில் எல்லோரும் வாதாடி ஓய்ந்த பிறகு, "எனக்கு இதில் சங்கடம் இல்லை" என்பார். அவர் அப்படிச் சொன்னால் அந்தக் கதை அத்துடன் முடிந்தது.

ஒரு தங்கச் சுரங்கத்துக்கான கடன் வந்தது. பட்டியலில் அறுபத்தோராவது கடதாசி, சுரங்கம் வரும் இடத்திலுள்ள ஒரு கிராமத்தின் சம்மதம். அந்தக் கிராமத்தின் ஒன்பது பெரியவர்கள் அதில் பெருவிரல் அடையாளம் வைக்கவேண்டும். கிராமத்தாரின் காணிகளுக்கிடையில் அவர்களின் சோலை ஒன்று இருந்தது. இறந்தவர்களை அங்கேதான் அடக்கம் செய்கிறார்கள். மூன்றாவது வரைவை நானும் திரு. ஹாலமும் வாய்விட்டு வாசித்தோம். அந்த வாசகம் இன்றும் எனக்கு மனப்பாடம். 'அடக்கச் சோலையும் அதில் நிற்கும் மரங்கள் அனைத்தும் இருக்கும் இடத்திலேயே இருக்கும். கொம்பனி அதற்கு வேலி அடைக்கும். ஆறு பேர் பாடை சுமந்து செல்லக்கூடிய அகலத்தில் பாதை விடும்.' வாசிக்கும்போது எனக்கு மனம் நிறைந்தது. இவ்வளவு பெரிய கொம்பனி பாடைக்கு வழி விடுகிறதே என்று நினைத்தேன்.

காசு கைமாறவேண்டிய நாளுக்கு முதல்நாள் மத்தியானம் அங்கிருந்து தபால் பொதி வந்தது. பொதிக்குள் கையொப்பப் பக்கம் மட்டும் இருந்தது. ஒன்பது பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் நீல மையில் ஒரு பெருவிரல். ஒன்றில் ரேகையே இல்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல் அது. சிலதில் மை பரந்திருந்தது. அதே நேரத்தில் மின்னஞ்சலில் ஒப்பந்தத்தின் முடிந்த எழுத்து வந்தது. பக்கத்தின் அடியைப் பார்த்தேன். மூன்று. ஒப்பந்தத்தின் அடியைப் பார்த்தேன். நான்கு.

அலுமாரியிலிருந்து மூன்றாவது வரைவை எடுத்து, நான்காவதற்குப் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். ஒரேயொரு மாற்றம்தான். சோலை இருக்கும் இடத்தில் இருக்கும் என்பது போய், 'உரிய மரியாதையுடன் வேறிடத்துக்கு மாற்றப்படும்' என்று வந்திருந்தது. வேலி இல்லை. பாதையும் இல்லை.

திரு. ஹாலமின் அறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

"சேர், இது மூன்று. மற்றது நான்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றி இலக்கத்தைக் கிட்டவாகப் பார்த்தார். "அங்குள்ள சட்டத்தரணி எழுதியிருக்கிறார். மாற்றத்தை அவர்களுக்கு வாயால் விளக்கிவிட்டார்களாம்."

"அவர்கள் எழுதித் தரவில்லையே, சேர்."

"அவர்களுக்கு எழுதத் தெரியாதே" என்றார். குரலில் கேலி இல்லை. சரியாகச் சொன்னால் கொஞ்சம் களைப்பு இருந்தது. ஐந்து வங்கிகள் அவரைப் போட்டு நெருக்கிக்கொண்டிருந்த கிழமை அது. யன்னல் பக்கம் திரும்பி, "எனக்கு இதில் சங்கடம் இல்லை. நாளைக் காலை எல்லாம் ஒழுங்காக இருக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். இதற்குப் பிறகு நடந்ததை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் மேசைக்கு வந்து இருந்தேன். விடிந்தால் வங்கிகளின் ஆட்கள் வந்து கடதாசிகளைப் புரட்டுவார்கள். மூன்றையும் நான்கையும் கண்டால் கேட்பார்கள். திரு. ஹாலம் பதில் சொல்லவேண்டி வரும். என் மேசையில் பிழை கண்டுபிடித்ததாகவும் ஆகும். பதினைந்து வருடமாக ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. வீட்டுக் கடனும் மகளின் படிப்பும் தலைக்குள் வந்தது உண்மைதான். ஆனால் அவற்றைக் காரணமாகச் சொன்னால் பொய் சொன்னவன் ஆவேன். பெரிய காரணம் அந்தப் பெயர்தான். பிழை விடாத ஆள் என்ற பெயர்.

ஒரு வெள்ளைக் கடித உறையின் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கீலம் வெட்டினேன். ஒன்பது அடையாளங்களுக்கும் கீழே, அந்த மூலையில் இருந்த இலக்கத்தின் மேல் வைத்து ஒட்டினேன். நிறத்திலும் பிரதி எடுக்கும் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் கவிழ்த்து, மூடியை இறக்கி, "முருகா" என்று பொத்தானை அமத்தினேன். எந்தப் பெரிய வேலைக்கும் முதல் அப்படிச் சொல்வது என் பழக்கம். அன்றும் சொன்னேன். பிரதி சுத்தமாக வந்தது, மூலையில் இலக்கம் இல்லாமல். கீலத்தை உரித்து, மூலப் பக்கத்தை உறையில் போட்டுக் கோப்பின் அடியில் வைத்தேன். பிரதியை நான்காவது வரைவின் பின்னால் சேர்த்தேன்.

அடுத்தநாள் காலை ஆறு மணிக்கு எல்லோரும் கூடினோம். இலண்டனிலும் ஆபிரிக்காவிலும் வங்கிகள் பூட்டுவதற்கு முதல் முடிக்கவேண்டும் என்பதால் எங்கள் பகுதியில் எப்போதும் விடியற்காலைதான். நீளமான மேசையில் கடதாசிகளை இலக்க வரிசையில் பரப்பியிருந்தேன். ஒவ்வொரு கடதாசியாக ஒருவர் பெயர் சொல்ல, மற்றவர்கள் தொலைபேசியில் "சரி" என்றார்கள். அறுபத்தொன்றுக்கு வந்தபோது வங்கியொன்றிலிருந்து நேரில் வந்திருந்த இளம் சட்டத்தரணி பக்கத்தைத் தூக்கி, அடையாளங்களைப் பார்த்து, "பாவம், எவ்வளவு உழைத்த விரல்கள்" என்றாள். பிறகு "சரி" என்றாள். எட்டரைக்கு எல்லாம் முடிந்தது. திரு. ஹாலம் வந்து என் கையைக் குலுக்கினார். அவருடைய கை குளிர்ந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து, அந்தக் கடனில் வேலை செய்தவர்களுக்குக் கண்ணாடிபோல் ஒரு கட்டி கொடுத்தார்கள். அதற்குள் கொம்பனியின் பெயரும் ஒரு துளி தங்கத்தூளும் இருந்தன. என்னைப்போல் எழுதுவினைஞர் ஒருவருக்குக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சுவாமித் தட்டில், முருகன் படத்துக்குக் கீழே வைத்தேன். அந்த வருடம் கோயிலில் ஒருநாள் திருவிழா உபயமும் எங்களுடையதாக எடுத்தேன். உபயகாரர் என்று ஒலிபெருக்கியில் என் பெயர் சொன்னார்கள். கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு வருடம் போனது. ஒருநாள் திரு. ஹாலம் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். கோடு போட்ட பள்ளிக்கூடத் தாளில் கையால் எழுதியது. அந்தக் கிராமத்து ஆசிரியர் எழுதியிருந்தார். ஒப்பந்தத்தின் முன் அட்டையில் எங்கள் நிறுவனத்தின் விலாசம் இருந்ததால் எங்களுக்கு வந்திருக்கிறது. அவர் எழுதியது சுருக்கமாக இப்படி: 'பள்ளிக்கூடத்துக்குள் வைத்து அந்தப் பத்திரத்தை எங்கள் மொழியில் வாசித்தவன் நான்தான். சோலை இருக்கும் என்று வாசித்தேன். பெரியவர்கள் அதைக் கேட்டுத்தான் விரல் வைத்தார்கள். இப்போது இயந்திரங்கள் வந்து நிற்கின்றன. கொம்பனி ஒரு பத்திரத்தைக் காட்டுகிறது. அதில் சோலை மாற்றப்படும் என்று இருக்கிறது. ஒன்பது பேரின் விரல்களும் இருக்கின்றன. இவர்கள் இறந்தவர்களை விற்றுவிட்டார்கள் என்று ஊர் சொல்கிறது. அவர்களுக்கு யாரும் வணக்கம் சொல்வதில்லை. விரல் வைத்த பத்திரத்தை நீங்கள் வைத்திருப்பீர்கள். அதன் பிரதியை அனுப்புங்கள். அவர்கள் விற்கவில்லை என்று ஊருக்குக் காட்டவேண்டும்.'

அவர் காசு கேட்கவில்லை. வழக்குப் போடுவேன் என்று வெருட்டவும் இல்லை. ஒன்பது பேரின் மானத்தைத்தான் கேட்டார்.

திரு. ஹாலம் கடிதத்தை மறுபடி வாங்கி நின்றபடியே இரண்டாம் முறை வாசித்தார். "நாங்கள் வங்கிகளின் சட்டத்தரணிகள். வெளியாருக்குக் கடதாசி கொடுக்க முடியாது" என்றார். பிறகு இரண்டு வரிப் பதில் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். அன்று அவர் சங்கடம் இல்லை என்ற வார்த்தையைப் பாவிக்கவில்லை. நான் பதிலைத் தட்டச்சு செய்து, அவரிடம் கையொப்பம் வாங்கி, என் கையாலேயே தபாலில் போட்டேன். விரல் வைத்த மூலப் பக்கம் மட்டும் கோப்பின் அடியில் கிடந்தது, மூன்றாவது வரைவு அப்போது இல்லை. கடன் முடிந்ததும் பழைய வரைவுகளை அழிப்பது எங்கள் விதி. அதையும் அழிக்கும் பெட்டிக்குள் போட்டவன் நான்தான். ஆசிரியரின் கடிதத்தைக் கோப்பில் இட்டேன். அவருடைய விலாசத்தை மட்டும் ஒரு துண்டில் எழுதி என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கண்ணாடிக் கட்டியைச் சுவாமித் தட்டிலிருந்து எடுத்துக் கராஜுக்குள் போட்டேன். எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம் அவ்வளவுதான். அதன் பிறகு ஒவ்வொரு கந்தசஷ்டிக்கும் ஆறு நாளும் தண்ணீருடன் மட்டும் இருந்தேன். ஆட்கள் என் பக்தியைப் புகழ்ந்தார்கள். திரு. ஹாலம் ஓய்வுபெற்று, சில வருடத்தில் காலமானார். நான் இரண்டு வருடத்துக்கு முன் கேக் வெட்டி விடைபெற்றேன். லாச்சியிலிருந்த அந்த விலாசத் துண்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

அபிராமி வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கடைசிவரை வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"இத்தனை வருசம் சஷ்டிக்குத் தண்ணியோட கிடந்தது உதுக்குத்தானோ?"

"ஓம்."

"நான் நினைச்சன் பிள்ளையின்ர கலியாணத்துக்கெண்டு." கத்தியை வைத்தாள். "முருகனுக்கு உது முதலே தெரியும். தெரிய வேண்டியது அந்த ஊராக்களுக்கெல்லோ. நீங்கள் தெரிஞ்ச ஆளிட்டயே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறியள்."

அடுத்த கிழமை அபிராமியை வரச்சொல்லி, மூன்றாவது வரைவையும் வெள்ளைக் கீலத்தையும், அந்த ஊருக்கு எழுதப்போவதையும் பெயர்கள் இல்லாமல் சொல்லத் தொடங்கினேன். அவள் கையை உயர்த்தினாள்.

"அங்கிள், பொறுங்கோ. நான் அங்க வேலை செய்யிறன். டீட்டெயில்ஸ் கேட்டா நான் ரிப்போர்ட் பண்ணவேணும். ஒரேயொரு கேள்வி. அந்த மூண்டாம் வேர்ஷன், அதை அந்த ஆக்களுக்கு வாசிச்சவையோ?"

"ஓம் பிள்ளை. பள்ளிக்கூடத்தில வைச்சு."

"அப்ப அது அவையளுக்கு சீக்ரெட் இல்லத்தானே. மிச்சம் நீங்கள் உங்கட கையால செய்தது." கைப்பையை எடுத்து மடியில் வைத்தாள். "ட்ரபிள் வரலாம். நான் சும்மா சொல்லேல்ல. வெளியில ஒரு லோயரிட்ட கேட்டுட்டுச் செய்யுங்கோ. மற்றது, அங்கிள், ஒஃபிஸில இனி ஆரும் உங்கட பேரைச் சொன்னா நான் என்ன செய்யிறது?"

அவள் வழக்கம்போல் கட்டிப்பிடித்து விடைபெறவில்லை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அந்த ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பலாமா என்று வெளியில் ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். அனுப்பவேண்டாம் என்றார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன். என் ஆங்கிலத்துக்கு நாலு நாள் பிடித்தது. மூன்றாவது வரைவின் வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் எழுதினேன். பெரியவர்கள் விரல் வைத்தது இதற்குத்தான் என்று எழுதினேன். வெள்ளைக் கீலத்தைப் பற்றி எழுதினேன். அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே செய்தேன் என்றும், பிரதி கேட்டு நீங்கள் எழுதியபோது மறுத்த கடிதத்தைத் தபாலில் போட்டவனும் நானே என்றும் எழுதினேன். ஒவ்வொரு பக்கத்திலும் என் முழுப்பெயரையும் விலாசத்தையும் எழுதிக் கையொப்பமிட்டேன்.

மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த ஆசிரியரின் கையெழுத்துத்தான். சற்று நடுங்கியிருந்தது. தான் முதல் கடிதம் எழுதிய அடுத்த வருடமே சோலை குழியாகிவிட்டது என்று எழுதியிருந்தார். ஒன்பது பேரில் இரண்டு பேர்தான் இப்போது உயிருடன் இருக்கிறார்கள். ஊரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டு என் கடிதத்தை அவர்களின் மொழியில் வாசித்திருக்கிறார். சோலையைப் பற்றிய வாசகம் வந்ததும் அந்த இருவரில் ஒருவர், நிறுத்தச் சொல்லி, அதை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாராம்.

மன்னிப்பைப் பற்றி ஆசிரியர் ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் அதை எதிர்பார்க்கவும் இல்லை. கடைசியில் இன்னும் ஒரு விடயம் எழுதியிருந்தார். வாசித்து முடிவதற்குள் ஒருவர் மட்டும் எழுந்து வெளியே போனாராம். காலமான ஏழு பேரில் மூத்தவரின் மகன். சோலையை விற்றவர் என்று தகப்பனோடு பேச்சை நிறுத்தியிருந்தவர். தகப்பனை அடக்கம் செய்த அன்று ஊரிலேயே இருந்தும் அவர் போகவில்லை. அது நடந்து ஐந்து வருடமாம்.

ஐந்து வருடத்துக்கு முன் நான் வேலையில்தான் இருந்தேன். அந்த விலாசம் என் லாச்சிக்குள் கிடந்தது. தபால் அறை ஒரு மாடி கீழே.